புளியமரத்தில் ஒரு ஜன்னல்

விளம்பரப் பலகை தெரிய வேண்டும் என்பதற்காகச் சாலையோர மரத்தின் கிளையை வெட்டலாம் என்று எந்த விதியிலும் இல்லை. சாலைகளையும் அவற்றின் ஓரத்து மரங்களையும் கட்டிக் காக்கும் அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இதை உறுதியாகச் சொல்ல முடியும். மரத்துக்குப் பின்னால் மறைந்து கிடக்கும் பெரிய விளம்பரப் பலகை ஒன்றைக்கூடத் திண்டுக்கல்லில் பார்க்க முடியாது என்பதையும் அதே உறுதியோடு சொல்வேன். இந்த இரண்டு உண்மைகளுக்கும் நடுவில்தான் என் உத்தியோகம் நடந்தது.

வெட்டுவதற்குக் காரணம் வேண்டும், அவ்வளவுதான். கிளை பேருந்தின் கூரையில் இடிக்கிறது, ஊர்ப் பெயர்ப் பலகையை மறைக்கிறது, வளைவில் எதிரே வரும் வண்டி தெரியவில்லை, மின்கம்பியில் உரசுகிறது. இவற்றில் ஒன்று இருந்தால் வெட்டலாம். மரத்தையே சாய்ப்பதென்றால் அதற்கு ஒரு குழு கூட வேண்டும், நேரில் போய்ப் பார்க்க வேண்டும், பதிலுக்குக் கன்று நட வேண்டும். கிளைக்கு அந்த மரியாதை கிடையாது. விளம்பரக்காரர்கள் இதை எங்களைவிட நன்றாகப் படித்து வைத்திருந்தார்கள். அவர்கள் பலகை இருந்த இடத்திலெல்லாம் கிளை பேருந்தில் இடித்தது. பேருந்தே போகாத தெருக்களிலும் இடித்தது.

இன்னும் சுலபமான வழி, கரண்ட் நிறுத்தும் நாள். பராமரிப்புக்காக மாதத்தில் ஒரு நாள் மின்சாரத்தை நிறுத்துவார்கள். எந்தெந்தப் பகுதிக்கு என்று முன்னதாகவே பேப்பரில் வந்துவிடும். மற்றவர்கள் தொட்டியில் தண்ணீர் ஏற்றிவைக்க அதைப் படிப்பார்கள். விளம்பரக்காரர்கள் ராசிபலன் பார்ப்பதுபோலப் படிப்பார்கள். அன்றைக்கு லைன்மேன்கள் ஏணியும் அரிவாளுமாக வந்து கம்பியைத் தொடும் கிளைகளைக் கழிப்பார்கள். அங்கே ஒருவன் டீயும் வடையும் வாங்கிக்கொண்டு நின்றால், கம்பியைத் தொடாத கிளைகளும் தொட ஆரம்பித்துவிடும். பலகையின் அளவுக்கு மரத்தில் சதுரமாக ஒரு வழி திறந்துவிடுவார்கள். எங்கள் ஆபீஸில் இதை ஜன்னல் வைப்பது என்று சொல்வோம். ஜன்னல் வைத்த மரம் சாகாது. அரையும் குறையுமாக நின்றுகொண்டே இருக்கும், எங்களைப் போல.

நாகல் நகரில் என் வீட்டுப் பின்கட்டில் ஒரு பெண் குடியிருக்கிறாள். கணவன் போய்ச் சேர்ந்து வெகு காலம் ஆகிறது. வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் வேலை. காலையில் மில் பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும், சாயங்காலம் கொண்டுவந்து விடும். ஒரே மகன். ஐ.டி.ஐ. படித்துவிட்டு வேலை தேடுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தவன், காமாலை முற்றி இறந்துபோனான். அவன் உயிரோடு இருந்த காலத்தில் நான் அவனிடம் பேசியது, பைக்கை என் கேட்டை மறித்து நிறுத்தாதே என்பதை மட்டும்தான். அவன் போனபின் கேட் தாராளமாகத் திறக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது அவள் வந்து நின்றாள்.

“சார், ரோட்டோர மரத்துல ஒரு கொப்பை வெட்டணும்னா யாரைப் பாக்கணும்?”

“எந்த ரோடு, என்ன மரம், எதுக்கு வெட்டணும்?”

“எரியோடு போற ரோட்டுல, புளியமரம். என் மகனை மறைக்குது.”

நான் பேப்பரை மடித்து வைத்தேன். என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

விஷயம் இதுதான். ஊர் எல்லை தாண்டி அந்தச் சாலையில் ஒரு பஸ் நிறுத்தம் இருக்கிறது. அங்கே அவள் மகனின் கூட்டாளி ஒருவன் பஞ்சர் கடை வைத்திருந்தான். அவனுக்குக் கல்யாணம் ஆனபோது நண்பர்கள் சேர்ந்து கடைக்குப் பக்கத்தில் பிளெக்ஸ் வைத்தார்கள். கல்யாணம் முடிந்து அவன் கடையைக் கட்டிவிட்டுத் திருப்பூருக்குப் போய்விட்டான். பிளெக்ஸை அவிழ்க்க யாரும் வரவில்லை. அதன் கீழ் வரிசையில் வாழ்த்தும் நண்பர்களில் ஒருவனாக இவள் மகன் நிற்கிறான். மகன் செத்தபிறகு அவள் மில் பஸ்ஸில் இடதுபக்க ஜன்னல் சீட்டைக் கேட்டு வாங்கி உட்கார்ந்து, தினமும் அவனைப் பார்த்துக்கொண்டு போயிருக்கிறாள். இப்போது புளியங்கிளை தழைத்துத் தாழ்ந்து, பிளெக்ஸ் மறைந்துவிட்டது.

“வீட்டுல படம் மாட்டியிருக்கியே. அதைப் பாத்தா ஆகாதா?” என்றேன்.

“அதுக்கு மாலை போட்டிருக்கு சார். அது செத்தவன் படம். உசுரோட இருந்தப்ப அந்த ஸ்டாப்புலதான் காலையில நிப்பான், கூட்டாளிகளோட. எங்க பஸ்ஸு வந்துச்சுன்னா மூஞ்சியத் திருப்பிக்குவான். ஆத்தா மில்லுக்குப் போறது அவனுக்குக் கேவலம். இப்பத் திருப்ப முடியாதுல்ல. பஸ்ஸு தாண்டுற வரைக்கும் என்னையவே பாத்துக்கிட்டு நிக்கிறான்.”

மறுநாள் ஸ்கூட்டரில் போய்ப் பார்த்தேன். ஓய்வு பெற்றவனுக்கு வெட்ட வேண்டிய மரத்தைப் போய்ப் பார்ப்பதைவிட நல்ல பொழுதுபோக்கு கிடைக்காது. கிளையை விலக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தால்தான் பிளெக்ஸே தெரிந்தது. இரும்புச் சட்டம் துருப்பிடித்திருந்தது. மணமக்களுக்குப் பின்னால் ஏதோ வெளிநாட்டு மலையும் அருவியும். தலைக்கு மேல் ‘சிங்கம் கூண்டில் சிக்கியது’ என்று எழுதியிருந்தது. அடியில் ‘கூண்டைப் பூட்ட உதவியவர்கள்’ என்று நண்பர்கள் வரிசை. அனுமதி எண்ணையும் எந்தத் தேதி வரைக்கும் என்பதையும் பிளெக்ஸின் அடியில் அச்சிட வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த இடத்தில்தான் இவர்களை நிறுத்தியிருந்தார்கள். இடமிருந்து மூன்றாவதாக, கையைக் கட்டிக்கொண்டு, கூலிங் கிளாஸ் போட்டு அவள் மகன். கூலிங் கிளாஸ் போட்டவன் யாரைப் பார்க்கிறான் என்று யாராலும் சொல்ல முடியாது. இதை நான் அவளிடம் சொல்லவில்லை.

சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

“இங்க பாரும்மா. அந்த பிளெக்ஸுக்கு அனுமதி கிடையாது. இருந்திருந்தாலும் கல்யாணத்தோட முடிஞ்சிருக்கும். பேனர் எல்லாத்தையும் எடுக்கணும்னு அப்பப்ப உத்தரவு வரும். வண்டியில வாரவன் இறங்கித் தேட மாட்டான். உக்காந்த இடத்துலருந்து கண்ணுக்குத் தெரியிறதைத்தான் கிழிப்பான். உன் மகன் இருக்கிறது அவன் கண்ணுல இத்தனை நாளும் படல. ஏன்? கொப்பு மறைச்சிருக்கு. அந்தக் கொப்புதான் அதுக்கு லைசென்ஸ். அதை வெட்டினா நீயும் பாப்பே, அவனும் பாப்பான்.”



“மறைஞ்சு கிடந்தாத்தான் இருப்பான்னு சொல்றீங்க.”

“ஆமா.”

“மண்ணுக்குள்ள அப்படித்தான் சார் கிடக்கான். இங்கயாச்சும் தெரியட்டும்.”

அவள் போனபிறகு என் மனைவி வந்தாள். “வழி கேட்டு வந்தவகிட்ட சட்டம் பேசி அனுப்பிட்டீங்க. அந்தக் கரண்ட் நிப்பாட்டுற நாளைச் சொன்னா என்ன, குறைஞ்சா போயிருவீங்க? ஊர்ல இருக்கிற நகைக்கடைக்காரனுக்கெல்லாம் தெரிஞ்ச வழிதானே.”

“அவன் பலகைக்கு அனுமதி இருக்கும்.”

“இருக்கும்னு உங்களுக்குத் தெரியுமா?”

தெரியாது. பேப்பரைப் பார்த்து நாளைச் சொன்னேன்.

அன்றைக்கு மில்லுக்கு லீவு போட்டுவிட்டு, பிளாஸ்கில் டீயும் ஒரு தூக்குவாளி நிறைய ஆமவடையும் எடுத்துக்கொண்டு அவள் போனாள். நானும் பின்னாலேயே ஸ்கூட்டரில் போனேன். புளியமர நிழலில் ஒருவன் இளநீர் வண்டி போட்டிருந்தான். அவனிடம் ஒன்று வாங்கிக் குடித்துக்கொண்டு ஓரமாக நின்றேன்.

லைன்மேன்கள் வந்தார்கள். மேஸ்திரி வயதானவன்; பல ஜன்னல்கள் வைத்த கை. வடையைக் கடித்துக்கொண்டே கேட்டான்.

“எந்த விளம்பர ஏஜென்சி, அக்கா?”

“ஏஜென்சி இல்லண்ணே. என் மகன்.”

“உங்க மகன் ஏஜென்சியா? பேரு என்ன?”

“ஏஜென்சியெல்லாம் இல்லண்ணே. அந்தா, உள்ளுக்குள்ள கீழ் வரிசையில நிக்கிறான் பாருங்க. கண்ணாடி போட்டவன். செத்துப் போயிட்டான்.”

மேஸ்திரி குனிந்து கிளைக்குள் பார்த்தான். “முடிஞ்சுபோன கல்யாணத்துக்கா கொப்பு வெட்டச் சொல்றீங்க?” என்றான். ஆனால் இரண்டாவது வடையும் அதற்குள் கையில் இருந்தது. அந்த வகையில் அவன் நேர்மையானவன். தின்ற வடைக்கு வேலை செய்யாமல் போகமாட்டான்.

“அடிவரிசை மட்டும் தெரிஞ்சாப் போதும்ண்ணே. ஒரு சின்னக் கொப்பு.”

“சின்னதா எல்லாம் நமக்கு வராதுக்கா. வச்சா முழுசா வைக்கணும். அரைகுறையா விட்டா ஏஜென்சிக்காரங்க நம்மளத்தான் ஏசுவாங்க.”

“ஏஜென்சியே இல்லையேண்ணே.”

“இருக்கட்டும்க்கா. கை அப்படிப் பழகிருச்சு.”

ஏறினான். பெரிய பலகைக்கு எப்படி வெட்டுவானோ அப்படி வெட்டினான். சட்டத்தின் நாலு மூலையும் தெரியும்படி, ரோட்டில் தூரத்திலிருந்து வரும்போதே கண்ணில் படும்படி, பூவும் பிஞ்சுமாகப் புளியங்கிளைகள் விழுந்தன. இளநீர்க்காரன் வண்டியை நகர்த்திக்கொண்டே கத்தினான்.

“ஏண்ணே, என் நிழலை வெட்டுறீங்களே. இங்க வச்சுத்தானே பொழைக்கிறேன்.”

“குடை வாங்கிக்கடா,” என்று மேலேயிருந்து பதில் வந்தது.

வெயில் நேராகப் பிளெக்ஸின் மேல் விழுந்தது. அருவி நிறம் மங்கியிருந்தது. மணமகளின் முகத்தில் காக்கை எச்சம். அடிவரிசையில் கிளை அடர்ந்து மூடிக் கிடந்ததால் மகன் மட்டும் புதிதுபோல் இருந்தான். அவள் ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தாள். பிறகு இன்னும் பின்னால் போய்ப் பார்த்தாள். பஸ் எந்த வேகத்தில் போகும், எவ்வளவு நேரம் தெரிவான் என்று கணக்குப் போட்டாள்போல.

சில நாட்கள் அவளைப் பார்க்க எனக்கே கொஞ்சம் எரிச்சலாக இருந்தது. அவ்வளவு உற்சாகம். மில் பஸ்ஸில் நடப்பதையெல்லாம் சாயங்காலம் வந்து என் மனைவியிடம் ஒப்பிப்பாள். டிரைவர் அந்த இடத்தில் செத்த நேரம் மெதுவாகப் போகிறாராம். கூட வேலை பார்க்கும் பெண்கள் எது உன் மகன் என்று கேட்கிறார்களாம். ஒருத்தி, “மாப்பிள்ளையவிட உன் மகன்தான்டி எடுப்பா இருக்கான், பேசாம அவனுக்கே கட்டி வச்சிருக்கலாம்” என்றாளாம். இவள் சிரித்தாளாம். இன்னொருத்தி, “அதான் செத்துட்டான்ல, அந்தப் பொண்ணு தப்பிச்சா” என்றாளாம். அதற்கும் சிரித்தாளாம்.

நான் பேனர் கிழிக்கும் வண்டியை எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி வரவேயில்லை. சட்டத்தைப் பற்றி எல்லாம் தெரிந்தவன் செய்யும் தவறு இது: சட்டம் வரும் என்று நினைத்துக்கொள்வது.

வந்தது ஒரு விளம்பரக்காரர். ஒட்டன்சத்திரம் பக்கத்து ஆள். நான் வேலையில் இருந்த காலத்தில் ஆபீஸுக்கு வந்து பேருந்துகளின் கூரையைப் பற்றி மிகவும் கவலைப்பட்டவர். அந்த வழியாகப் போனவர் கண்ணில் எங்கள் ஜன்னல் பட்டுவிட்டது; விசாரிக்க என் வீட்டுக்கு வந்தார்.

“ஏனுங்க சார், எரியோடு ரோட்டுல புளியமரத்துக்கு ஜன்னல் வெச்சது யாருங்க? என்னமா வெச்சிருக்காங்க. அரை மைல்லயே தெரியுதுங்க. ஆனா பாருங்க, பழைய கல்யாண பிளெக்ஸுதான் தொங்குது. சும்மா கெடக்குதுங்களா அந்த எடம்?”

எங்கள் வீட்டில் குடியிருக்கும் பெண்தான் என்று சொல்லி, காரணத்தையும் சொன்னேன். அவர் தலையைக் குனிந்து நெடுநேரம் ‘த்சொ’ கொட்டினார். அவருக்கும் வயசுப் பையன் இருக்கிறானாம்.

“அந்தம்மா மனசு நோகப்படாதுங்க. ரெண்டு நாள் இருக்கட்டுங்க. அப்பறம் மாத்திக்கறனுங்க,” என்றார்.

சொன்னபடி இரண்டு நாள் விட்டார். மூன்றாம் நாள் காலையில் மில் பஸ் அந்த இடத்தில் வழக்கம்போல் மெதுவாகப் போனபோது, அங்கே வீட்டுமனை விற்பனை விளம்பரம் இருந்தது. புல்தரையில் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். யாருக்கும் நம் ஊர் முகம் இல்லை. எல்லோரும் பல் தெரியச் சிரித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தார்கள்.

அன்று சாயங்காலம் அவள் என் மனைவியிடம் போகவில்லை. நேராக என்னிடம் வந்தாள்.

“அந்தப் பொம்பளை என்னையப் பாத்துச் சிரிக்கிறா சார். இதுக்கு அனுமதி இருக்கா?”

“இருக்காது.”

“அப்பச் சொல்லி எடுக்க வைக்கலாம்ல?”

“வைக்கலாம். எடுத்தா இரும்புச் சட்டத்தோட பேத்து எடுத்துட்டுப் போவாங்க. உன் மகனைக் கொண்டுவந்து மாட்ட மாட்டாங்க.”

அதுதான் நடைமுறை. நான் வேறு எப்படிச் சொல்ல முடியும்? என் மனைவிக்கு வேறு மாதிரிச் சொல்லலாம் என்று எண்ணம். அன்றிரவு ரசத்தில் உப்பு இல்லை.

அவிழ்த்த பிளெக்ஸ் எங்கே என்று விளம்பரக்காரரிடம் போனில் கேட்டேன். அவர் பெருமையாகச் சொன்னார்: “அங்க ஒரு எளநிக்காரப் பையன் நெழல் போச்சுன்னு அழுதானுங்க. பாவமா இருந்துச்சு. பழைய பிளெக்ஸை அவனுக்கே குடுத்துட்டனுங்க.”

அடுத்த நாள் அவளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனேன். என் மனைவியின் உத்தரவு. இளநீர்க்காரன் நாலு சவுக்குக் கம்பு நட்டு, பிளெக்ஸைக் கூரையாகக் கட்டியிருந்தான். வெயிலுக்கு வெள்ளைப் பக்கம் மேலே, படம் உள்பக்கம். அண்ணாந்து பார்த்தால் அருவியும் மலையும் மணமக்களும் தலைகீழாகத் தொங்கினார்கள். நண்பர்கள் வரிசையைக் காணோம். காற்றுக்குப் பறக்காமல் இருக்க, அடி ஓரத்தை முன்பக்கத்தில் குறுக்கே கட்டிய கம்பில் பாய் சுருட்டுவதுபோல இறுக்கிச் சுற்றி, கயிற்றால் வரிந்து கட்டியிருந்தான். கூண்டைப் பூட்ட உதவியவர்கள் எல்லோரும் அந்தச் சுருளுக்குள் இருந்தார்கள்.

“தம்பி, அந்த ஓரத்தைக் கொஞ்சம் அவுத்துவிடேன்,” என்றாள்.

“அவுத்தா முன்னாடி தொங்கி வண்டியை மறைக்கும்க்கா. எவன் வந்து நிப்பான்? அந்தச் சுருட்டுலதான் கூரையே நிக்குது.”

“என் மகன் அதுக்குள்ள இருக்கான்ப்பா.”

அவன் சுருளையும் அவளையும் பார்த்தான். இளநீர் சீவுகிற அரிவாளை எடுத்தான். “எந்த இடம்னு சொல்லுங்கக்கா, அம்புட்டை மட்டும் அறுத்துத் தாரேன். ஓட்டைய ஒட்டுப் போட்டுக்கிறேன்.”

கெட்டவன் இல்லை. நியாயமாகத்தான் பேசினான்.

“அறுக்காதப்பா,” என்றாள்.

“வீட்டுக்கு எடுத்துட்டுப் போயேன்மா,” என்றேன் நான்.

“வீட்டுக்குக் கொண்டுபோனா அதுக்கும் மாலை போட்டுருவேன் சார்.”

அன்றைக்கு அவளாகவே ஒரு இளநீர் வாங்கிக் குடித்தாள். குடிக்கும்போது இடது கையால் முன்பக்கத்துக் குறுக்குக் கம்பைப் பிடித்துக்கொண்டாள். இடமிருந்து மூன்றாவது என்றால் சுருளில் எந்த இடத்தில் வரும் என்று கையால் அளந்து, அந்த இடத்தில் பிடித்தாள். “கம்பைப் பிடிக்காதீங்கக்கா, சாஞ்சிரும்,” என்றான் இளநீர்க்காரன். கையை எடுத்துக்கொண்டாள். அவன் அடுத்த காயைச் சீவத் திரும்பியதும் மறுபடி வைத்தாள்.

அதிலிருந்து வேலை முடிந்து வரும்போது மில் பஸ்ஸை அங்கே நிறுத்தச் சொல்லி இறங்கிக்கொள்கிறாள். இளநீர் குடிக்கிறாள். பிறகு டவுன் பஸ் பிடித்து வீட்டுக்கு வருகிறாள். காலையில் போகும்போது வலதுபக்க சீட்டில் உட்கார்ந்துகொள்கிறாளாம், அந்தச் சிரிக்கிற பொம்பளையைப் பார்க்காமல் இருக்க.

மழை பெய்தது. புளியமரத்துக்கு விதிகள் தெரியாது. வெட்டிய இடத்திலெல்லாம் கொழுந்து விட்டது. ஜன்னல் ஓரங்களிலிருந்து மூட ஆரம்பித்தது. முதலில் வீட்டுமனைக் குடும்பத்தில் ஒரு பிள்ளை மறைந்தது, பிறகு அப்பா மறைந்தார். விளம்பரக்காரர் எனக்குப் போன் செய்து, கிளை பேருந்தில் இடிப்பதாகக் கவலைப்பட்டார். நான் பிடி கொடுக்கவில்லை. இனி இந்த மரத்தில் எனக்கு வேலை இல்லை என்று நினைத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தாள். நான் பேப்பரைக் கீழே இறக்கவில்லை.

“அங்க நிழல் திரும்ப வந்துருச்சு சார்,” என்றாள்.

“நல்லதுதானே.”

“அந்தத் தம்பி கூரையை அவுக்கப் போறேன்னு சொல்றான். நிழல் இருக்கையில இது எதுக்குக்கா, காத்துக்கு ஆடுதுன்னு. சித்தையன்கோட்டையில அவன் மச்சான் ஆட்டுக்கொட்டாய் போடுறானாம். அவனுக்குக் குடுத்துருவானாம்.”

“நீ கேட்டு வாங்கிக்க.”

“எனக்கு வேண்டாம் சார். அது அங்க இருக்கணும். ரோட்டுல இருக்கணும்.”

நான் பேப்பரை இறக்கிவிட்டுப் பார்த்தேன். கையில் தூக்குவாளி இருந்தது. புதிதாக வாங்கியது, முன்னதைவிடப் பெரியது.

“இந்த மாசம் அந்தப் பக்கம் கரண்ட் என்னைக்கு நிப்பாட்டுறாங்க சார்?”

நிழல் போனால் கூரை நிற்கும் என்று, அவளுடைய மகனின் இடத்தைப் பிடித்த பலகை பளிச்சென்று தெரியும்படி, அவளே டீயும் வடையும் கொடுத்து, மறுபடியும் ஜன்னல் வைக்கப் போகிறாள். விளம்பரக்காரருக்கு இதைவிட நல்ல ஏஜென்ட் கிடைக்கமாட்டாள். இதையெல்லாம் அவளுக்கு விளக்கிச் சொல்ல வாயெடுத்தேன். அடுப்படி வாசலில் என் மனைவி வந்து நின்றாள்.

பேப்பரில் தேதியைத் தேடிச் சொன்னேன். புதன்கிழமை, காலையிலிருந்து.